கொட்டகைத் தெரு லாட்ஜும் மேக்கால வளவும்

சித்தப்பா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்ததும் என் தங்கச்சி சொன்னாள்: "போச்சு. நைனா ஜெயிச்சுட்டாரு."

நைனா என்றால் எங்கள் அப்பா. வீட்டுக்குள் எங்களுக்குத் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ். எந்தக் காலத்திலோ பருத்திக் காடு தேடி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். அன்றைக்கு நானும் தங்கச்சியும் எங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் தெலுங்கில்தான். இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன். அது தெலுங்கு என்பதை மட்டும் படிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனால் ஒரு வம்பு வரப்போகிறது.

ஐம்பதுகளின் கடைசி. தங்கச்சி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு டீச்சர் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோயமுத்தூரில் இன்டர்வியூ. நான் ஐந்தாவதோடு நின்றவள். கடையில் பொட்டலம் கட்டித் தருகிற காகிதத்தை நீவி நீவிப் படித்துத்தான் எனக்கு எழுத்துக் கூடியது. அதனால் அவள் படிப்பை என் படிப்பு மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. மாமன் மகன் ஒருவன் அப்போதே மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தான். நானும் அழுது, அம்மாவும் அழுது, கடைசியில் நைனா ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்க. ராத்திரி சித்தப்பன் ஊட்டுல தங்கோணும். காலைல எட்டு மணிக்கு அங்க போயி நிக்கோணும். இதுல எது தவறுனாலும் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான்."

என் வீட்டுக்காரர் கூட வருவதாக இருந்தது. கிணறு வெட்டுகிற ஆட்கள் அன்றைக்குத்தான் வெடி வைக்க வந்து சேர்ந்தார்கள். அவர் எங்களை வண்டியில் கொண்டுவந்து கிணத்துக்கடவில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "கோயமுத்தூர்ல யாரு சிரிச்சுப் பேசுனாலும் பையத் தொட்டுப் பார்த்துக்கோ." அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உக்கடத்தில் இறங்கியதிலிருந்து சித்தப்பா வீடு போய்ச் சேர்வதற்குள் பையை நான் தொட்ட தொடலில் அதன் காதே பிய்ந்துவிட்டது.

சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா அரைக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"எழவுக்குப் போயிட்டாங்க கண்ணு. அவினாசிப் பக்கம். காரியம் முடிச்சுட்டுத்தான் வருவாங்க. நீங்க யாருங்க?"

"அண்ணன் மகளுங்க."

"அவருக்கு அண்ணன் இருக்கறதா எங்ககிட்டச் சொன்னதே இல்லீங்களே" என்று அந்த அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே அரைக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. வெயில் இன்னும் சுவரில் இருந்தது, அதற்குள் தாழ்ப்பாள்.

ஊருக்குத் திரும்பலாம் என்றால் கிணத்துக்கடவு வரைக்கும் பஸ் கிடைக்கும். அங்கேயிருந்து எங்கள் ஊர் வண்டித்தடத்தில் வெகுதூரம். இருட்டில் இரண்டு பொம்பளைகள் நடக்கிற வழி இல்லை. நடந்தே போய்ச் சேர்ந்தாலும் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டியிருந்தது என்று போய் நின்றால் நைனா அன்றைக்கே மாமனுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

"லாட்ஜில தங்கலாம்கா" என்றாள் தங்கச்சி.

"லாட்ஜா? பொம்பளைங்க தங்கற எடமா அது?"

"பொம்பளைங்க தங்குனா பொம்பளைங்க தங்குன எடம் ஆயிடுது."

இப்படித்தான் பேசுவாள். இவள் வாத்தியாரம்மா ஆகாமல் வேறு யார் ஆவார்கள்?

உக்கடம் குளத்துப் பக்கமே திரும்ப வந்தோம். குதிரை வண்டிக்காரர் ஒருவரிடம், பக்கத்தில் சல்லிசான லாட்ஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "எப்படிப்பட்ட லாட்ஜுங்க வேணும்? மூட்டப்பூச்சி கடிக்கறதா, ஆளு கடிக்கறதா?"

"ரெண்டும் கடிக்காதது இல்லீங்களா?"

"அது பணக்காரங்க போறதுங்க."

சினிமாக் கொட்டகைகள் இருந்த ஒரு தெருவைக் கை காட்டினார். அந்தத் தெருவுக்கு ஒரு பேர் உண்டு. நாங்கள் இன்றைக்கு வரைக்கும் கொட்டகைத் தெரு என்றுதான் சொல்கிறோம். பகலில் பார்த்திருந்தால் சாதாரணத் தெருவாக இருந்திருக்குமோ என்னவோ. நாங்கள் போனது விளக்குப் போடுகிற நேரம். முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் கட்டியிருந்தது. கொட்டகை உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டு காதைப் பிளந்தது. சோடாப் புட்டி உடைகிற சத்தம், வறுகடலைக்காரன் வாணலியைத் தட்டுகிற சத்தம், பால்கடையில் பாலை ஆகாசத்துக்கும் பூமிக்குமாக ஆற்றிக்கொண்டிருந்த ஒரு ஆள். பூக்காரன் எங்களைப் பார்த்து, "வாங்கிக்கங்க அம்மிணி, அவரு வந்து பார்க்கறப்ப வாடியிருக்கக் கூடாது பாருங்க" என்றான். எவர் வந்து பார்க்கிறபோது? பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனாலும் எங்களை உரசிக்கொண்டு போன ஒரு ஆளிடமிருந்து வந்த வாசம் சோடா வாசம் இல்லை.

முதல் லாட்ஜ் கொட்டகைக்கு நேர் எதிரில். கீழே மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ரூம் வேணுங்க" என்றேன்.

"எத்தன நேரத்துக்குங்க?"

"நேரமுங்களா? ராத்திரிக்குங்க."

"முழு ராத்திரியுமா?" என்று ஆச்சரியமாகப் பார்த்தார்.

எனக்கு உடனே புரியவில்லை. தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். அங்கே நின்று யோசித்த பிறகுதான் எனக்கும் விளங்கியது. விளங்கியதும் காதெல்லாம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் எங்கள் மேல் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது லாட்ஜில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர்.

"ஆம்பளை எங்கீங்க?"

"வருவாருங்க" என்று எடுத்துவிட்டேன்.

"எப்பங்க?"

நான் முழிக்க, தங்கச்சி, "கெணறு வெட்டி முடிஞ்சதுமுங்க" என்றாள்.

"அப்ப முடிஞ்சதும் வாங்க. இது குடும்பத்தோட வர்றவங்க தங்கற எடம்."

"நாங்க குடும்பம் இல்லீங்களா?"

"ஆம்பளை இல்லாம அதெப்படிங்க குடும்பம்?"

இந்த மனுசன் எங்களை எப்படிப்பட்டவர்கள் என்று நினைத்தார் என்பது அவர் மேசையை இழுத்துப் பூட்டின விதத்திலேயே தெரிந்தது. ஒரு வாசலில் எங்களை அந்த மாதிரி என்று நினைத்து ரூம் கொடுக்க வந்தார்கள். அடுத்த வாசலில் அதே மாதிரி நினைத்து ரூம் இல்லை என்றார்கள். தெருவோ விளக்கு வெளிச்சத்தில் தேர்நோம்பித் திருவிழா மாதிரி இருந்தது. தங்கச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாலும் அதையும் தெருவே நின்று பார்க்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது லாட்ஜ் அந்தப் பால்கடைக்கு மாடியில் இருந்தது. படிக்கட்டில் ஏறும்போதே எனக்குச் சந்தேகம். காரணம், சுத்தமாக இருந்தது. சுவரெல்லாம் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். எதை மறைக்க அடித்தார்களோ! 'குடும்பத்தினர் தங்க ஏற்றது' என்று பலகையில் எழுதியிருந்தது. ஏற்ற இடமாக இருந்தால் அதை எழுதிவேறு வைப்பார்களா?

மேனேஜர் ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. படி ஏறுனது களைப்பா இருக்குமுங்க. தண்ணி குடிங்க."

எங்கள் சனம் மரியாதைக்காரச் சனம்தான். ஆனாலும் ஒரே மூச்சில் இத்தனை 'ங்க' எதற்கு என்று எனக்குள் ஒரு மணி அடித்தது. தண்ணீரைத் தொடவில்லை.

ரூம் இருந்தது. எங்கள் கையில் இருந்த காசுக்கு ஒத்தும் வந்தது. ஆம்பளை எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஊரு எதுங்க நமக்கு?"

கொங்கு நாட்டில் யாரும் யாரையும் முதலில் பேரைக் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள். அப்புறம் யார் வீடு என்பார்கள். நாலாவது கேள்விக்குள் நீங்கள் என்ன சனம், யாருக்குக் கட்டிக்கொடுத்தவர், உங்கள் பெரியப்பனுக்கும் அவர் மச்சானுக்கும் என்ன தகராறு என்பது வரைக்கும் வந்துவிடும். எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் அடுத்த சந்தைக்குள் நைனா காதுக்குப் போய்விடும்: உங்க புள்ளைங்க ரெண்டும் கொட்டகைத் தெரு லாட்ஜில் நின்றார்கள் என்று. இன்டர்வியூவில் தேறினாலும் அப்புறம் அனுப்ப மாட்டார்.

தங்கச்சி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் வேறு ஒரு ஊர்ப் பேரைச் சொன்னாள். உக்கடத்தில் நாங்கள் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் பலகையில் இருந்த பேர். காங்கேயம் பக்கத்துச் சின்ன ஊர். அது எந்த ஊர் என்று நான் எழுத மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் இப்போதும் எங்களைத் தேடி வருவார்கள்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அட, அந்த ஊருங்களா! அங்க எந்த வளவுங்க? மேக்கால வளவா, கெழக்கால வளவா?"

வளவு என்றால் ஊருக்குள் வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்கிற பகுதி. நான் "மேக்கால" என்றேன். அதே நொடியில் தங்கச்சி "கெழக்கால" என்றாள்.

"அதாவதுங்க," என்று நான் சமாளித்தேன், "பொறந்தது ரெண்டு பேருமே கெழக்கால. என்னைய மேக்கால வளவுல கட்டிக் குடுத்துட்டாங்க."

"ஒரே ஊர்லயேவா! ரொம்ப நல்லதுங்க. நோவுன்னா ஓடிப் போயிப் பார்த்துக்கலாம்" என்றார்.

நான் தங்கச்சி பக்கம் திரும்பி, தெலுங்கில் மெதுவாக, "இந்த ஆளு கெணறு தோண்டற மாதிரி தோண்டறான். சாவிய வாங்கு, பேச்சைக் கொறை" என்றேன்.

மேனேஜர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ரூமுக்குள் போனதும் கதவைத் தாழ்ப்போட்டுச் சோதனை ஆரம்பித்தோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சாமி படத்தைத் தூக்கி அதன் பின்னால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சாவித் துவாரத்தில் துணியை அடைத்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். அதோடு சுவரை விட்டுவிட்டேன்.

தங்கச்சி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இங்க வா."

கீழே மேனேஜர் பால்கடை வாசலில் நின்று ஒரு ஆளிடம் காதோடு காதாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது எங்கள் ஜன்னலைக் கை காட்டினார். அந்த ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பறந்தான்.

சின்ன வயசுப் பெண்ணைப் பார்த்ததும் ஆள் அனுப்புகிறார்கள் என்றால் யாருக்கு அனுப்புவார்கள்? கேள்விப்பட்ட கதைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். தங்கச்சி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த நேரத்திலும், நாளைக்கு என்ன கேட்பார்கள், ஆறுகளின் பேர் கேட்பார்களா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் மணி அடித்துப் படம் ஆரம்பித்தார்கள். தெரு சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் நன்றாகவே கேட்டது. இரண்டு பேர்.

கதவைத் தட்டினார்கள். பொம்பளைக் குரல்.

"கதவத் தொற கண்ணு. நான் உங்க ஊர்க்காரிதான்."

இப்படிப்பட்ட இடத்தில் தேன் ஒழுகப் பேசிக்கொண்டு ஒரு பொம்பளைதான் முதலில் வருவாள் என்பது எனக்குத் தெரியும். "எந்த ஊர்க்காரிங்க?" என்றேன்.

அந்தப் பஸ் பலகைப் பேரையே சொன்னாள். "இங்க மில்லுல நூல் சுத்தற ரீலிங்கில வேலை பார்க்கறேன். நம்மூருப் புள்ளைங்க வந்திருக்குதுன்னு ஆள் உட்டாங்க. யாரு ஊட்டுப் புள்ளைங்க நீங்க?"

நான் கட்டிலைக் கதவோடு இன்னும் அழுத்தினேன்.

"சரி, நம்மூரு மாரியாத்தா கோயிலுக்கு முன்னால என்ன மரம் நிக்குது, அதையாச்சும் சொல்லு பார்ப்போம்."

மாரியாத்தா கோயில் என்றால் வேம்பு இல்லாமல் இருக்குமா? தங்கச்சி, "வேப்ப மரமுங்க" என்றாள் தைரியமாக.

வெளியே ஒரு சிரிப்பு. "நம்மூர்ல மாரியாத்தா கோயிலே கெடையாது சாமி. கும்பிடோணும்னா பக்கத்தூருக்குத்தான் போவோணும்."

அப்புறம் மேனேஜர் குரல். இப்போதும் மரியாதை குறையவில்லை. "அம்மிணி, அந்த ஊர்ல தெலுங்கு பேசற ஊடு ஒண்ணுகூட இல்லீங்க. என்ற தங்கச்சியக் குடுத்த ஊருங்க அது. வருசம் தவறாம நோம்பிக்குப் போறவன் நான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பொம்பளை குரலை மாற்றினாள். "உள்ள இருக்கற சின்னப் புள்ளைக்குச் சொல்றேன். பயப்படாத கண்ணு. நாங்க வெளியில நிக்கறோம். அந்தப் பொம்பளை உன்னைய எங்கிருந்து கூட்டியாந்தா? சினிமாவுல சேத்தி உடறேன்னு சொன்னாளா?"

அவள் சொன்ன 'அந்தப் பொம்பளை' யாரென்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. நான்தான் என்று அப்புறம்தான் விளங்கியது. அவர்களை நான் எதுவென்று நினைத்துக் கட்டிலை முட்டுக் கொடுத்தேனோ, அதுவென்றே அவர்கள் என்னை நினைத்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!

கட்டிலைத் தங்கச்சியோடு சேர்த்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஒரு அம்மா. வேலை விட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறார். பின்னால் மேனேஜர்.

"இவ என்ற கூடப் பொறந்தவ!" என்று கத்தினேன்.

"அக்கா தங்கச்சின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் அந்த அம்மா. "நீ அந்த மூலைக்குப் போ. கண்ணு, நீ இங்க வா. ஊட்டுல இருந்து திங்க என்ன கொண்டாந்தீங்க, என் காதுல மட்டும் சொல்லு."

தங்கச்சி பயத்தில் காதில் சொல்லத் தெரியாமல் உரக்கவே சொன்னாள்: "புளிசோறுங்க. அக்காதான் கிளறுனா. உப்பு எச்சு."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துது," என்று நான் மூலையிலிருந்து கத்தினேன். "ரெண்டு தடவை வாங்கித் திங்கறப்பத் தெரியலியா உனக்கு?"

"பசிக்குத் தின்னேன்."

"பசிக்குத் தின்னியா? சட்டிய வழிச்சு நக்குனியே!"

பஞ்சுத் தலை அம்மா மேனேஜரைப் பார்த்தார். "கூடப் பொறந்ததுகதானுங்க. கூட்டியாந்தவளா இருந்தா இப்படி மல்லுக்கட்ட மாட்டா" என்றார். சொல்லிவிட்டு அந்தப் புளிசோற்றை வாங்கி ஒரு வாய் போட்டுப் பார்த்து, "உப்பு எச்சுத்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னோம். பூட்டு, இன்டர்வியூ, நைனா. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்ப நெச ஊரு எதுங்க?" என்றார். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "அட, நம்ம பால்கடைக்காரர் சம்சாரத்தோட பெரியம்மா ஊருங்களே!" என்றார். எங்கள் சீமையில் எவரும் எவருக்கும் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள்.

"ஐயா, எங்க நைனா காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுங்க" என்று தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் எதுக்குங்க சொல்றேன்" என்றார் அவர். நான் நம்பவில்லை.

அந்த அம்மா அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் ரூம் வாசலில், கதவுக்குக் குறுக்காகப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். வெளியிலிருந்து யாரும் வராமல் இருக்கவா, நாங்கள் வெளியே போகாமல் இருக்கவா என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தங்கச்சி நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் அவரே எங்களை ட்ரெயினிங் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, கன்னத்தைக் கிள்ளி, "பொய் மட்டும் சொல்லாத கண்ணு, உனக்கு வரலை" என்று சொல்லிவிட்டு மில்லுக்கு நடந்தார். எட்டு மணிக்கு முன்பே போய் நின்றோம். உள்ளே என்ன கேட்டார்களோ, தங்கச்சி சிரித்துக்கொண்டே வெளியில் வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டும்.

ஊருக்கு வந்தோம். சித்தப்பா வீட்டில் தங்கினோம் என்று சொல்லவும் இல்லை, தங்கவில்லை என்று சொல்லவும் இல்லை. நைனாவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சந்தை நாள் கழிந்தது. சந்தையிலிருந்து நைனா வந்த நடையிலேயே தெரிந்தது. துண்டை உதறித் தோளில் போடும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். மேனேஜரா, பால்கடைக்காரரா, பால்கடைக்காரர் சம்சாரத்தின் பெரியம்மாவா, இன்றைக்கு வரை தெரியாது. என் சந்தேகம் மூன்று பேர் மேலும் உண்டு.

நைனா சத்தம் போடவில்லை. மறுநாள், "மோட்டாருக்கு பெல்ட் வாங்கோணும்" என்று கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். அன்றைக்கு வரவில்லை. தங்கச்சி சாப்பிடாமல் கிடந்தாள். மாமன் வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நாள் மத்தியானம் நைனா வந்தார். பெல்ட் இல்லை. தலையில் கட்டிய உருமாலைக்கு மேலே பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு.

"ரெண்டு எதுக்கு நைனா?" என்றாள் தங்கச்சி.

"ஹாஸ்டல்ல எந்தெந்த ஊர்க்காரங்க எல்லாம் இருப்பாங்களோ" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாளில் நடந்தது தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பஞ்சுத் தலை அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்தவர், சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். உருமாலை கட்டிய ஒரு பெரியவர் லாட்ஜுக்கு வந்தாராம். ரூம் வேண்டும் என்றாராம். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பார்த்தாராம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாராம். சுவரைத் தட்டினாராம். ஊரு எதுங்க என்று மேனேஜர் கேட்டதற்கு, தன் மகள்கள் இங்கே தங்கியது தெரிந்துவிடும் என்ற வெட்கத்தில், உக்கடத்தில் நின்ற ஒரு பஸ்ஸின் பலகையில் இருந்த ஊர்ப் பேரைச் சொல்லியிருக்கிறார். அதே பஸ். அதே ஊர். மேக்கால வளவா, கெழக்கால வளவா என்று கேட்டதும், மேக்கால என்றாராம். ராத்திரி தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். மேனேஜர் ஒரு வார்த்தை மேலே கேட்காமல், எங்களுக்குக் கொடுத்த அதே ரூமைக் கொடுத்திருக்கிறார்.

இதை நாங்கள் நைனாவிடம் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை. தங்கச்சி படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

சில வருசம் கழித்து, பஞ்சுத் தலை அம்மா மகளுக்குக் கல்யாணம், அவர்கள் ஊரிலேயே. எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. டீச்சரம்மா வந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. யாருடைய கல்யாணம் என்று நைனாவுக்குச் சொன்னோம். எப்படிப் பழக்கம் என்று அவர் கேட்கவில்லை. பஸ் பலகையில் மட்டுமே பார்த்திருந்த அந்த ஊரில் முதல் தடவையாக இறங்கினோம். நைனா உருமாலையைச் சரி செய்துகொண்டு, இறங்கிய இடத்திலேயே நின்று நாலா பக்கமும் பார்த்தார். வழியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருவரை நிறுத்தினார்.

"ஏனுங்க, இங்க மேக்கால வளவு எதுங்க?"

"மேக்க சுடுகாடுதானுங்க இருக்குது" என்றார் அவர்.

"அப்ப கெழக்கால வளவு?"

"கெழக்க பள்ளமுங்க. ஊடெல்லாம் வடக்கால வளவு, தெக்கால வளவு ரெண்டுலதான். மேக்கயும் கெழக்கயும் எப்பவும் வளவு இருந்ததில்லீங்க."

அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நைனா அங்கேயே நின்றார். முகம் மெல்லச் சிவந்தது. அப்புறம் வாய் கோணி, சிரிப்பு வரப் பார்த்தது. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்ககிட்டயும் அந்த ஆளு அதையேதான் கேட்டானா?" என்றார்.